வெட்டிய பின்னும் வாழும் இலை

அடுப்பில் ஏறிய எந்த இலையும் சில நிமிடங்களில் உயிரை விட்டுவிடும். கீரையைக் கொதிநீரில் போட்டதும் அதன் செல்களின் சவ்வுகள் கிழிகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் அடைபட்டிருந்த அமிலமும் நொதியும் நிறமியும் ஒன்றாகக் கலக்கின்றன. அதன்பின் அந்தக் கீரை என்ன ஆகும் என்பதை வெப்பமும் உப்பும்தான் தீர்மானிக்கும். பச்சை மூலிகை இலைகளால் செய்யும் சாலடில் இது நடப்பதில்லை. தட்டில் பரிமாறும்போதும், வாயில் போடும்போதும்கூட அந்த இலையின் பெரும்பாலான செல்கள் உயிரோடு இருக்கின்றன, மூச்சு விடுகின்றன, காயத்துக்கு எதிர்வினை காட்டுகின்றன. சாலட் செய்கிறவர் உயிருள்ள திசுவைக் கையாளுகிறார். நல்ல சாலடுக்கும் துவண்டு கறுத்த சாலடுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு உண்மையிலிருந்து பிறக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2013-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேனட் பிராம், டேனியல் குட்ஸ்பீட் ஆகியோரின் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. கடையில் வாங்கிய முட்டைக்கோஸை அவர்கள் 12 மணி நேரம் வெளிச்சத்திலும் 12 மணி நேரம் இருட்டிலுமாக மாற்றி மாற்றி வைத்தார்கள். வயலை விட்டு வந்து நாளாகிவிட்ட அந்த இலைகள் பகலையும் இரவையும் மீண்டும் கணிக்கத் தொடங்கின. புழுக்களை விரட்டும் வேதிப்பொருள்களை அந்தக் கணிப்புக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வந்தன. லெட்யூஸ், பசலைக்கீரை, கேரட் போன்றவற்றிலும் இந்த நாள் தாளம் தெரிந்தது. இதற்கு ஆய்வுக்கூடச் சான்றே தேவையில்லை என்பவர்கள் சந்தையில் வாங்கிய புதினாத் தண்டு ஒன்றைத் தண்ணீரில் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். கணுவிலிருந்து வேர் விடும்.

மூலிகை சாலட் என்றால் உலகில் பல வகை உண்டு. இந்த அத்தியாயத்துக்கு லெபனானின் தபூலேயை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் இலைதான் உணவு, மற்றதெல்லாம் துணை. ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் தபூலே என்ற பெயரில் டப்பாவில் விற்பது பெரும்பாலும் கோதுமைக் குருணை. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சை தெரியும். பெய்ரூட்டில் அப்படி ஒரு தட்டை வைத்தால் யாரும் தபூலே என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அங்கே அது பார்ஸ்லி இலைக் குவியல். தட்டை இலை கொண்ட பார்ஸ்லி மூன்று பெரிய கட்டு, அதில் பாதிக்கும் குறைவாகப் புதினா, பொடியாக நறுக்கிய தக்காளி, வெங்காயத்தாள், கால் கோப்பை அளவுக்கு நுண்ணிய புல்கர், எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், உப்பு. சில வீடுகளில் சிட்டிகை லவங்கப்பட்டையோ ஆல்ஸ்பைஸோ சேர்ப்பார்கள். லெட்யூஸ் இலையிலோ இளம் முட்டைக்கோஸ் இலையிலோ அள்ளிச் சாப்பிடுவது வழக்கம். ஜூலை மாத முதல் சனிக்கிழமையைத் தபூலே நாளாகவே அந்நாட்டில் கொண்டாடுகிறார்கள்.

புல்கர் நம் ஊர் கோதுமை ரவையைப் போலத் தோன்றும், ஆனால் வேறு பொருள். கோதுமையை முதலிலேயே வேகவைத்து, உலர்த்தி, பிறகு உடைக்கிறார்கள். வேகும்போதே அதன் மாவுச்சத்து இளகிவிடுவதால், பின்னர் அடுப்பே இல்லாமல் சாற்றில் ஊறினாலே மென்மையாகிவிடும். தக்காளியும் எலுமிச்சையும் விடும் சாற்றை உறிஞ்சிக்கொள்வதே தபூலேயில் அதன் வேலை.

முதலில் தண்ணீர். ஓர் இலை விறைப்பாக நிற்பதற்குக் காரணம் அதன் நரம்புகள் மட்டும் அல்ல. செல்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தமும்தான். நன்கு நீர் குடித்த இலைச் செல்லுக்குள் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐந்து மடங்கு, அதற்கும் மேலேகூட இருக்கும். கார் டயருக்குள் இருப்பதைவிட அதிகம். பறித்த பிறகு வேர் நீர் தருவதில்லை, இலையோ நீராவியை விட்டுக்கொண்டே இருக்கிறது. அழுத்தம் இறங்கி இலை துவள்கிறது. துவண்ட இலை செத்த இலை ஆகாது. அடித்தண்டைச் சிறிது வெட்டிவிட்டுக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டு வைத்தால், சவ்வூடு பரவலால் செல்கள் நீரை உறிஞ்சி மறுபடி விறைக்கின்றன. உயிருள்ள சவ்வு மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. வெந்த கீரையை எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் அது நிமிராது.

ஊறிய இலையை நறுக்குமுன் முழுக்க உலர்த்த வேண்டும் என்று லெபனான் வீடுகளில் கண்டிப்பாகச் சொல்வார்கள். பருத்தித் துணியில் பரப்பி, சுருட்டி, ஈரம் ஒற்றி எடுப்பார்கள். இதற்கு இரண்டு காரணம் உண்டு. ஈரமான இலை கத்தியில் ஒட்டி நசுங்கும். மேலும், இலைமேல் நிற்கும் தண்ணீர் எண்ணெயை ஒட்டவிடாது. சாறெல்லாம் கிண்ணத்தின் அடியில் தேங்கும்.

அடுத்தது கத்தி. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மூலிகை இலைகளின் மணம் செடி தன் பகைவர்களுக்காகச் செய்துவைத்த ஆயுதம். அதை இரண்டு விதமாக அவை வைத்திருக்கின்றன. ஒன்று, முன்பே தயாரித்துச் சேமித்த மணம். புதினா இலையை உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் மேற்பரப்பில் பளபளக்கும் சின்னஞ்சிறு உருண்டைகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். சுரக்கும் செல்களுக்கு மேலே, மெல்லிய மேல்தோலுக்கு அடியில் எண்ணெய் நிரம்பி உப்பியிருக்கும். விரலால் தொட்டாலே உடையும். அதனால்தான் புதினாவை நறுக்காமல் தடவினாலே மணக்கிறது. பார்ஸ்லியும் கொத்தமல்லியும் வேறு குடும்பம். அவற்றின் எண்ணெய் இலைக்கும் தண்டுக்கும் உள்ளே ஓடும் நுண்குழாய்களில் இருக்கிறது. வெட்டினால்தான் வெளிவரும். மென்மையான பார்ஸ்லித் தண்டை எறிந்துவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதும் இந்தக் குழாய்களை எண்ணித்தான்.

இரண்டாவது வகை மணம் இலையில் முன்பே இருப்பதில்லை. காயம் பட்ட கணத்தில் உருவாகிறது. செல் கிழிந்ததும் பசுங்கணிகச் சவ்வுகளில் உள்ள லினோலெனிக் அமிலத்தை நொதிகள் வெட்டி, ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட சிறு மூலக்கூறுகளாக்குகின்றன. சில நொடிகளே ஆகும். புல்வெளியை வெட்டியதும் எழும் அந்தப் பச்சை வாசனை இதுதான். புழு கடிக்கும்போதும் செடி இதையே வெளியிடுகிறது. அந்தப் புழுவின் உடலில் முட்டையிடும் குளவிகள் சில இந்த வாசனையைத் தொடர்ந்து வந்து சேருகின்றன. அளவாக இருந்தால் இந்த மணம் சாலடுக்குப் புத்துணர்ச்சி தரும். மிஞ்சினால் புல்லை மென்றதுபோல் ஆகி, பார்ஸ்லியின் தனி மணத்தை மறைத்துவிடும்.

இரண்டின் விகிதத்தையும் தீர்மானிப்பது கத்தியின் கூர்மைதான். கூரான கத்தி தன் பாதையில் இருக்கும் செல்களை மட்டும் பிளக்கிறது. மழுங்கிய கத்தி பக்கத்துச் செல்களையும் நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் இன்னொரு நொதி, பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ், வேலையைத் தொடங்குகிறது. செல்லின் ஓர் அறையில் இருந்த ஃபீனால்களும் வேறு அறையில் இருந்த இந்த நொதியும் ஆக்ஸிஜனோடு சந்திக்க, கறுப்பு நிறமி உருவாகிறது. புதினாவிலும் திருநீற்றுப்பச்சிலையிலும் இது மிக வேகமாக நடக்கும். நறுக்கிப் பத்து நிமிடத்தில் ஓரங்கள் கறுத்திருந்தால் குறை இலையில் இல்லை, கத்தியில். பார்ஸ்லியைக் கட்டாகச் சேர்த்துப் பிடித்து, மெல்லிய கீற்றுகளாக ஒரே முறை நறுக்க வேண்டும். குவித்து வைத்து மேலும் கீழுமாகக் கொத்தக் கூடாது. மிக்ஸியில் ஓட்டி எடுத்த பார்ஸ்லி தபூலேக்கு உதவாது. அது துவையலுக்கான பக்குவம்.

சாலடில் புதினாவைச் சேர்க்கும்போது இன்னொரு வியப்பும் கூடவே வருகிறது. நம் ஊரிலும் லெபனானிலும் சமையலுக்குப் பரவலாகப் பயன்படும் புதினா வகையின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற மூலக்கூறு. இதே மூலக்கூறின் கண்ணாடிப் பிம்பம் சதகுப்பையில் இருக்கிறது. அணுக்களும் பிணைப்புகளும் இரண்டிலும் ஒன்றே. இடக்கைக்கும் வலக்கைக்கும் உள்ள வேறுபாடுதான். மூக்கோ இரண்டையும் வெவ்வேறு மணமாக உணர்கிறது. இது உண்மையா, மாதிரிகளில் இருந்த கலப்படத்தின் விளைவா என்று நெடுநாள் ஐயம் இருந்தது. 1971-ல் 'சயின்ஸ்' இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு கட்டுரைகள் அதைத் தீர்த்துவைத்தன. மூக்கிலுள்ள ஏற்பிகளும் இடக்கை வலக்கை அறிபவை என்பதற்கு அது வலுவான சான்றானது.

கொத்தமல்லி சேர்க்கும் சாலடுகளில் சிக்கல் வேறு. கொத்தமல்லித் தழையின் மணம் பெரும்பாலும் ஆல்டிஹைடுகளால் ஆனது. அதே இனத்து ஆல்டிஹைடுகளைச் சில நாற்றப் பூச்சிகளும் வெளியிடுகின்றன. சோப்பு வாசனையிலும் அவற்றின் சாயல் உண்டு. சிலருக்குக் கொத்தமல்லி சோப்பைத் தின்றதுபோல் இருப்பது வீண் பிடிவாதம் அல்ல. 2012-ல் வெளியான, சுமார் 25,000 பேரின் மரபணுத் தரவைக் கொண்ட ஓர் ஆய்வு, 11-ஆம் குரோமோசோமில் மணம் அறியும் ஏற்பி மரபணுக்கள் கூட்டமாக உள்ள பகுதியில் இதற்குத் தொடர்புடைய ஒரு மாறுபாட்டைக் கண்டது. ஆனாலும் மரபணுவின் பங்கு சிறியதுதான். பழக்கம் பெரிது. அதே ஆண்டு டொராண்டோவில் நடந்த ஆய்வில், கொத்தமல்லி பிடிக்காதவர்கள் கிழக்கு ஆசிய வம்சாவளியினரில் 21 சதவீதம், தெற்காசிய வம்சாவளியினரில் 7 சதவீதம், மத்தியக் கிழக்கு வம்சாவளியினரில் 3 சதவீதம் என்று தெரிந்தது. தழையை நன்றாக அரைத்துச் சிறிது நேரம் வைத்தால் இலையின் சொந்த நொதிகளே அந்த ஆல்டிஹைடுகளை மெல்லச் சிதைத்துவிடும். பச்சைத் தழையை ஒதுக்குகிறவர்களும் சட்னியைச் சாப்பிட்டுவிடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இனி டிரெஸ்ஸிங். புளிப்பும் எண்ணெயும் உப்பும் சேர்ந்த கலவைதான் அது. வினிகரின் அமிலம் இலையைச் சுருட்டிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். இலையின் மேல்தோலைப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது. அந்தத் தோல் மெழுகால் மூடப்பட்டது. நீரின் மேற்பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். அதனால் நீரோ வினிகரோ மெழுகின்மேல் முத்தாகத் திரண்டு உருண்டோடும். ஆலிவ் எண்ணெயின் இழுவிசை அதில் பாதிக்கும் குறைவு. அது மெழுகோடு ஒட்டிப் படர்கிறது, இலைத்துளைகளின் வழியே உள்ளே கசிகிறது, செல்களுக்கு இடையில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது. காற்று போனதும் ஒளிச் சிதறல் குறைந்து இலை கருமையாக, ஈரத் துணி போலத் தெரிகிறது. மூன்று இலைகளை எடுத்து ஒன்றில் தண்ணீர், ஒன்றில் வினிகர், ஒன்றில் எண்ணெய் தடவி வைத்தால் இதை வீட்டிலேயே காணலாம். முதலில் தளர்வது எண்ணெய் தடவிய இலைதான்.

உப்பின் பாதிப்பு வேறு வகையானது. வெட்டுப்பட்ட ஓரங்களில் உப்புக் கரைசல் பட்டதும் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. ஆகவே எண்ணெயும் உப்பும் இலையோடு சேரும் நேரத்தை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது. தபூலே செய்யும் முறையே இதற்கு இசைவாக அமைந்திருக்கிறது. எலுமிச்சைச் சாற்றையும் தக்காளியையும் முதலில் புல்கரோடு கலந்து ஊறவிடுவார்கள். இலை தனியே உலர்ந்து காத்திருக்கும். பந்தியில் எல்லாரும் உட்கார்ந்த பிறகே உப்பும் எண்ணெயும் சேர்த்துப் பிசறுவார்கள்.

வேறு மூலிகைக் கலவைகளுக்கு, அதாவது இளம் லெட்யூஸ், திருநீற்றுப்பச்சிலை, சதகுப்பை, புதினா என்று கைக்குக் கிடைத்ததைச் சேர்க்கும் சாலடுக்கு, பால்மமாக்கிய டிரெஸ்ஸிங் பொருந்தும். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் முதலில் உப்பைக் கரைக்க வேண்டும். உப்பு எண்ணெயில் கரையாது; எண்ணெயில் போட்டால் மணல்போல் அடியில் தங்கிவிடும். பிறகு அரைத் தேக்கரண்டி கடுகு விழுது. அதன்பின் மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடிக்க வேண்டும். கடுகின் தோலிலுள்ள பசைப்பொருளும் கடுகின் புரதமும் ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சூழ்ந்துகொண்டு, துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தடுக்கின்றன. முக்கால் பங்கு எண்ணெயாக இருந்தும் தொடர்ச்சியாக இருப்பது நீர். அதில் எண்ணெய்த் துளிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அந்த நெருக்கம்தான் கலவையைக் கெட்டியாக்குகிறது. துளிகளைச் சுற்றி நீர் இருப்பதால் எண்ணெய் நேரடியாக இலையைத் தொடுவது குறைகிறது. இலை நெடுநேரம் நிமிர்ந்து நிற்கிறது. கடுகு இல்லாமல் குலுக்கிய கலவை சில நிமிடங்களில் பிரிந்துவிடும். எண்ணெய் மேலே மிதக்க, அதுவே முதலில் இலைமேல் விழும்.

மூலிகை சாலடுக்கு வினிகரைவிட எலுமிச்சையே எனக்குச் சரியாகப் படுகிறது. அசிட்டிக் அமிலம் ஆவியாகக்கூடியது. வாயில் வைக்குமுன்பே மூக்கை எட்டி, நாம் பாடுபட்டுக் காப்பாற்றிய புதினா மணத்தோடு மோதுகிறது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் ஆவியாகாது, அதற்கு மணமே கிடையாது. நாக்கில் மட்டும் புளிக்கும். எலுமிச்சை மணம் என்று நாம் அறிவது பெரும்பாலும் தோலின் எண்ணெய்.

நல்ல ஆலிவ் எண்ணெய் தொண்டையில் லேசாகக் காறும். நாக்கில் காறாமல் தொண்டையில் மட்டும் காறுவது ஏன் என்ற கேள்விக்கு விடை 2005-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. அமெரிக்க உணர்வியல் ஆய்வாளர் கேரி போஷாம்ப் சிசிலித் தீவில் புதிதாகப் பிழிந்த எண்ணெயைச் சுவைத்தபோது, திரவ இபுப்ரோஃபென் மருந்தைச் சுவைத்த அதே காறலை உணர்ந்தார். ஒலியோகேந்தால் என்று பெயரிடப்பட்ட அந்தப் பொருள், அழற்சியைத் தூண்டும் நொதிகளை இபுப்ரோஃபென் போலவே தடுப்பதை அவர் குழு காட்டியது. அதற்கான ஏற்பி தொண்டையில்தான் செறிந்திருக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. காறுகிறது என்று அந்த எண்ணெயைக் கெட்டது என ஒதுக்கிவிடக் கூடாது. அந்தக் காறல் புதுமையின் அடையாளம்.

எண்ணெய் இல்லாமலே எண்ணெய் சேர்க்கும் ஒரு வழி யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் மற்றப் பகுதிகளிலும் உண்டு. வல்லாரையைச் சன்னமாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்து, தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) விட்டுப் பிசறும் சம்பலைச் சொல்கிறேன். தபூலேக்கு இணையான மூலிகை சாலட் அது. சமைக்காதது, இலையே முதன்மையானது. தேங்காய்த் துருவலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. விரலால் உப்போடு பிசையும்போது வெளிவரும் பால், தேங்காயின் சொந்தப் புரதங்களால் நிலைநிறுத்தப்பட்ட பால்மம். டிரெஸ்ஸிங்கில் கடுகு விழுது செய்யும் வேலையை இங்கே தேங்காயே செய்துவிடுகிறது. வல்லாரையின் கசப்புக்கும் துவர்ப்புக்கும் அந்தக் கொழுப்பு ஒரு பூச்சு. சோற்றுக்கு உட்காரும்போதுதான் புளி விட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, பெய்ரூட்டில் சொல்லும் அதே காரணத்துக்காகத்தான்.

கொழுப்பைத் தவிர்த்துவிட்டு வெறும் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவதே உடலுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் 2004-ல் வெளிவந்த அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழு பேருக்கு ஒரே வகை சாலடை, எண்ணெயே இல்லாமலும், 6 கிராம் எண்ணெயோடும், 28 கிராம் எண்ணெயோடும் வெவ்வேறு நாட்களில் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். எண்ணெய் இல்லாதபோது பீட்டா கரோட்டீன் போன்றவை இரத்தத்தில் ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தன. எண்ணெய் கூடக் கூட அவை ஏறின. சிறிய ஆய்வுதான். ஆனால் கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை என்பதோடு அது முற்றிலும் ஒத்துப்போகிறது.

பார்ஸ்லியைப் பற்றி மருத்துவச் செய்தி ஒன்று சொல்லியாக வேண்டும். 100 கிராம் பார்ஸ்லியில் 130 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு; அது அதே இலையிலுள்ள இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. வைட்டமின் கே சுமார் 1,640 மைக்ரோகிராம். பெரியவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவோ 90 முதல் 120 மைக்ரோகிராம். பெரும்பாலானவர்களுக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் அந்த மருந்து வைட்டமின் கே-யின் செயலைத் தடுத்தே வேலை செய்கிறது. அவர்கள் திடீரென்று தட்டு நிறையத் தபூலே சாப்பிடத் தொடங்குவதோ, வழக்கமாகச் சாப்பிடுவதை அடியோடு நிறுத்துவதோ மருந்தின் அளவையே குலைக்கும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, நாளுக்கு நாள் ஒரே அளவாக உண்பதே பாதுகாப்பு.

மிஞ்சிய இலைகளை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூச்சின் வேகம் தணிந்து பல நாள் நிற்கும். பழுத்த வாழைப்பழத்துக்கும் ஆப்பிளுக்கும் அருகில் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும். திருநீற்றுப்பச்சிலைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. 10 டிகிரிக்குக் கீழே அதன் சவ்வுகள் பழுதாகி இலை கறுத்துவிடும். அதைத் தண்டோடு தண்ணீர்க் குவளையில் வெளியே வைப்பதே முறை.

டிரெஸ்ஸிங்கில் பூண்டு சேர்ப்பவர்கள் ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்குப் பொட்டுலிசம் என்ற நரம்பு நஞ்சு நோய் வந்தது. குளிரூட்டாமல் வைத்திருந்த, எண்ணெயில் ஊறிய பூண்டு நறுக்கே காரணம். 1989-ல் நியூயார்க் மாநிலத்திலும் இதே வகையில் மூவர் பாதிக்கப்பட்ட பிறகு, கடைகளில் விற்கும் பூண்டு எண்ணெயில் அமிலம் சேர்ப்பது அமெரிக்காவில் கட்டாயமானது. இந்த நஞ்சைத் தரும் பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் வாழ்பவை, பூண்டோடும் இலையோடும் எளிதாக வந்துவிடுபவை. எண்ணெய்க்கு அடியில் ஆக்ஸிஜன் இருக்காது. பூண்டில் அமிலமும் குறைவு. அறை வெப்பமும் சேர்ந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாசனையோ நிறமோ மாறாது என்பதால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. பூண்டோ பச்சை இலையோ போட்ட எண்ணெயைப் புட்டியில் அடைத்து அலமாரியில் அழகுக்கு வைக்கவே கூடாது. அன்றன்றைக்குத் தேவையான அளவே செய்துகொள்வது நல்லது. மிஞ்சினால் உடனே குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். குளிரில் ஆலிவ் எண்ணெய் கலங்கி வெண்மையாக உறையும். அது கெட்டதன் அறிகுறி இல்லை. வெளியே எடுத்து வைத்தால் சற்று நேரத்தில் இளகிவிடும். உப்பும் எலுமிச்சையும் சரிபார்த்து மறுபடி ஒருமுறை அடித்துக்கொண்டால் போதும்.